கீழ் மலக்குடல் புற்றுநோய்: ஆசனவாய்த் தசையைக் காக்கும் அறுவை சிகிச்சைக்கு எப்படித் தயாராவது

மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் நோயாளியும் சரி, வீட்டில் இருப்பவர்களும் சரி, முதலில் கேட்பது "காலம் பூரா வயிற்றில் மலப் பை மாட்டிக்கொண்டுதான் இருக்கணுமா?" என்பதைத்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கி, யார் "பை வேண்டாம்" என்று சொல்கிறாரோ அவரிடமே அறுவைக்கு நாள் குறித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேள்விகளின் வரிசை வேறு. புற்று துளியும் மிச்சமில்லாமல் வெளியே வருமா என்பது முதல் கேள்வி. மிஞ்சுகிற தசை நாளைக்கு உங்களுக்கு வேலை செய்யுமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் மட்டும்தான் தசையைக் காப்பாற்றுவதில் பொருள் இருக்கிறது. ஆசனவாய் இருந்தும் அடக்க முடியாமல் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கழிவறைக்கு ஓடுகிற வாழ்க்கை, பையோடு இருக்கிற வாழ்க்கையைவிடக் கஷ்டமாகிவிடலாம்.

மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எழுதவில்லை. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது, எதற்குத் தயாராக இருப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

கட்டி எங்கே இருக்கிறது

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 செ.மீ. ஆசனவாய் விளிம்பிலிருந்து மேலே ஏறக்குறைய 5 செ.மீ.க்குள் கட்டி இருந்தால் பொதுவாக அதைக் கீழ் மலக்குடல் கட்டி என்கிறார்கள். அந்த இடத்தில் இடுப்பெலும்புக் கூடு குறுகிவிடும், குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையும் மெலிந்து கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும், தசை நேராகக் குடலை ஒட்டி நிற்கும். மேலே இருக்கும் கட்டிக்குக் கிடைக்கிற இடைவெளி இங்கே கிடைக்காது, சிக்கலே அதுதான்.

அடக்கி வைக்கும் வேலையை ஒரே ஒரு தசை செய்வதில்லை. உள் சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இல்லாதது, நாம் தூங்கும்போதும் மூடியே இருப்பது, சும்மா இருக்கும் நேரத்தில் ஒழுகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வெளிச் சுருக்குத்தசை "இப்போ வேண்டாம்" என்று நாமே இறுக்கிக்கொள்வது. அதற்கு மேலே இடுப்புத்தளத் தசை ஒன்று குடலை முன்பக்கமாக இழுத்து ஒரு வளைவு உண்டாக்கி வைத்திருக்கிறது. அப்புறம் ஆசனவாயின் உள்பக்கத் தோல், வருவது வாயுவா, தண்ணீரா, கட்டி மலமா என்று உணர்ந்து சொல்கிறது. கடைசியாக மலக்குடலே ஒரு சேமிப்பிடம், அது இருப்பதால்தான் நமக்கு நேரம் கிடைக்கிறது. "தசையைக் காப்பாற்றிடலாம்" என்று யாராவது சொன்னால், இந்த ஐந்தில் எது எது மிஞ்சும் என்று கேளுங்கள். மலக்குடல் எப்படியும் போகப்போகிறது. சிலருக்கு உள் தசையில் பாதியோ முழுவதுமோ போகும். மிச்சத்தை வைத்துத்தான் பிற்கால வாழ்க்கை.

தூரத்தைச் சொல்லும்போது எங்கிருந்து அளந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளி விளிம்பிலிருந்து 4 செ.மீ. என்பதும், உள்ளே தசை வளையத்தின் மேல்முனையிலிருந்து 4 செ.மீ. என்பதும் முற்றிலும் வேறு வேறு. முதலாவதில் கட்டி தசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டாவதில் நல்ல இடைவெளி இருக்கிறது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் எழுதும் அளவு அத்தனை துல்லியமாக இருக்காது. அறுவை நிபுணர் தானே விரல் விட்டுப் பார்ப்பதும் எம்.ஆர்.ஐ.யும்தான் இங்கே நம்பகமானவை. விரல் பரிசோதனையே செய்யாமல் "கண்டிப்பா காப்பாற்றிடலாம்" என்றோ "கண்டிப்பா பைதான்" என்றோ சொல்லும் நிபுணரிடம் நான் முடிவெடுக்க மாட்டேன்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையை எப்படிப் படிப்பது

இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ., நெஞ்சு, வயிறு சி.டி., முழு கொலோனோஸ்கோபி, பயாப்ஸி (கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது), ரத்தத்தில் சி.இ.ஏ. அளவு (இந்தப் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதம்), இவை எல்லாம் இல்லாமல் திட்டம் போடக்கூடாது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கட்டியின் நீள அகலம் இல்லை. கட்டி வெளிச் சுருக்குத்தசையைத் தொட்டிருக்கிறதா, இடுப்புத்தளத் தசைக்குள் போயிருக்கிறதா, இரண்டு சுருக்குத்தசைகளுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி சுத்தமாக இருக்கிறதா, பக்கவாட்டு விளிம்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பாருங்கள். ஆண்களுக்கு முன்பக்கம் புராஸ்டேட், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் சுவர், இவற்றோடு ஒட்டியிருக்கிறதா என்பதும் அதிலேயே இருக்கும். இவற்றில் ஏதாவது எழுதப்படாமல் விட்டுப்போயிருந்தால் கேட்டு எழுதி வாங்கலாம், அதில் தப்பே இல்லை.

இந்த மில்லிமீட்டர் கணக்கு வந்த கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 1908ல் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், வயிற்றின் வழியாகவும் கீழே ஆசனவாய் வழியாகவும் அறுத்து எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிட்டு நிரந்தரமாக ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் குடலைத் திறந்துவைக்கும் வாய், வைக்கும் முறையை எழுதினார். வெகு காலம் அதுதான் வழி. கட்டிக்குக் கீழே 5 செ.மீ. நல்ல குடலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், கீழே இருக்கிற கட்டிக்குத் தசையைக் காப்பாற்ற வழியே இல்லாமல் இருந்தது. பிற்பாடு, புற்று குடல் சுவருக்குள் கீழ்நோக்கி அதிக தூரம் போவது அபூர்வம், சுற்றியிருக்கும் கொழுப்பு உறைக்குள் பக்கவாட்டில் பரவுவதுதான் ஆபத்து என்று தெரிய வந்தது. 1982ல் பில் ஹீல்ட் இங்கிலாந்திலிருந்து அந்த உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுக்கும் முறையை முன்வைத்தார், அதன் பிறகு அதே இடத்தில் புற்று திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. கீழ் விளிம்பு 5 செ.மீ.யிலிருந்து 2 ஆகி, இப்போது கதிர்வீச்சு கொடுத்த கீழ்க்கட்டிகளுக்கு 1 செ.மீ. இருந்தாலே போதும் என்று வந்திருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் கறார்: கட்டிக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையே 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்று மிச்சம் இருப்பதாகத்தான் கணக்கு.

அறுவைக்கு முன்னால் வரும் மாதங்கள்

கீழ்க்கட்டி கொஞ்சம் முற்றியிருந்தால் நேராக அறுவைக்குப் போக மாட்டார்கள். கதிர்வீச்சும் கீமோவும் முதலில் வரும். கதிர்வீச்சு இரண்டு விதம்: ஐந்து நாளில் தலா 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று 25 கிரே கொடுத்து முடிப்பது ஒன்று, கேப்சிட்டபைன் என்ற கீமோ மாத்திரையோடு ஐந்து ஆறு வாரத்துக்கு 45 முதல் 50 கிரே வரை சிறுகச் சிறுகக் கொடுப்பது இன்னொன்று. இதோடு கீமோ முழுவதையும் அறுவைக்கு முன்பே முடித்துவிடும் முறையும் சமீப வருஷங்களில் பரவலாகிவிட்டது. பிறகு சில வாரங்கள் காத்திருந்து, மறுபடியும் விரல் பரிசோதனை, கேமரா, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். என்ன அறுவை என்று இறுதியாகச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். முதல் நாளே "காப்பாற்ற முடியாது" என்று சொல்லப்பட்ட சிலருக்கு இதற்குப் பிறகு கதவு திறக்கும். ஆனால் கதிர்வீச்சு தசையையும் நரம்பையும் கொஞ்சம் பாதிக்கும், அடக்கும் திறனில் அதன் விலை தெரியும். ஆகவே "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று யாராவது சொன்னால், என் கட்டிக்கு அது எதற்காகத் தேவை என்று காரணம் கேளுங்கள்.

இந்தச் சிகிச்சையிலேயே கட்டி முழுக்க மறைந்துபோகிறவர்களும் உண்டு. அப்படி மறைந்தவர்களை உடனே அறுக்காமல் நெருக்கமாகக் கண்காணிக்கலாம் என்பதை பிரேசிலின் ஆஞ்சலிட்டா ஹாப்ர்-காமா 2004ல் விரிவாக வெளியிட்டார், முதலில் உலகமே சந்தேகத்தோடு பார்த்தது, இன்றைக்குத் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. கீழ்க்கட்டிக்காரர்களுக்குத்தான் இதனால் அதிக லாபம், ஏனென்றால் மலக்குடலே மிஞ்சுகிறது. நிபந்தனை ஒன்று உண்டு: முதல் இரண்டு மூன்று வருஷம் சில மாதங்களுக்கு ஒரு தடவை தவறாமல் வந்து பார்க்க வேண்டும், திரும்பி வருபவை பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் வருகின்றன. வர முடியாதவர், வர மாட்டார் என்று தன்னைப் பற்றியே தெரிந்தவர், இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பயாப்ஸித் துண்டில் எம்.எம்.ஆர். பரிசோதனை, அதாவது மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் குறைவாக இருக்கின்றனவா என்று பார்ப்பது, செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மலக்குடல் புற்றுநோயில் சிறு பகுதியினருக்கு மட்டும் இந்தக் குறைபாடு இருக்கும், அவர்களுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) அபாரமாக வேலை செய்கிறது. 2022ல் டோஸ்டார்லிமாப் மருந்து பற்றி வந்த முதல் அறிக்கையில், சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி தெரியாமல் போயிருந்தது. கத்தியே படாமல் தப்பிக்க வாய்ப்பிருக்கும் ஒருவர், ஒரு பரிசோதனை விட்டுப்போனதால் ஆசனவாயை இழக்கக்கூடாது.

எந்த அறுவை, யாரிடம்

கட்டிக்கும் தசை வளையத்துக்கும் நடுவே 1 செ.மீ.க்கு மேல் இடம் இருந்தால் மலக்குடலை எடுத்துவிட்டு, பெருங்குடலைக் கீழே இறக்கி, ஸ்டேப்ளர் கருவியாலோ கையாலோ ஆசனவாய்க்கு மேல் இணைப்பார்கள். வளையத்துக்குப் பக்கத்திலேயோ உள் தசையைத் தொட்டோ இருந்தால், உள் தசையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ சேர்த்து எடுத்து, இரண்டு தசைகளுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி வழியாகப் பிரித்து, கீழிருந்து கையாலேயே தைப்பார்கள். வியன்னாவில் ஷீசல் 1994ல் வெளியிட்ட இந்த முறைதான் இன்று மிகக் கீழே இருக்கும் கட்டிகளுக்குக் கடைசி எல்லை. வெளித் தசைக்குள்ளோ இடுப்புத்தளத் தசைக்குள்ளோ புற்று போயிருந்தால், சிகிச்சைக்குப் பிறகும் அங்கிருந்து விலகவில்லை என்றால், மைல்ஸ் வழிதான். அந்த நிலையில் தசையைக் காப்பாற்ற முயல்வது புற்றை உள்ளேயே விட்டுவைப்பதற்குச் சமம். இப்படி நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்பதை பிரான்சில் ருலியே என்பவர் 2013ல் முறைப்படுத்தினார், "என் கட்டி எந்த வகை?" என்று நீங்களே கேட்கலாம்.

வயிற்றைத் திறந்து செய்வதா, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லாப்பரோஸ்கோப்பியா, ரோபோவா என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கருவியைவிட அதைப் பிடித்திருக்கும் கை முக்கியம். வருஷத்துக்கு இந்த மாதிரி கீழ்க்கட்டி அறுவை எத்தனை செய்கிறீர்கள், இணைப்பு கசிவது எத்தனை பேருக்கு நடக்கிறது, தற்காலிகப் பை வைத்தவர்களில் எத்தனை பேருக்கு அதை மூடியிருக்கிறீர்கள், ஒரு வருஷம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். இதில் கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர் நோயாளிகளை அறுவைக்குப் பிறகும் பின்தொடர்கிறவர் என்று அர்த்தம். உங்கள் விஷயத்தை அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், கீமோ நிபுணர், எம்.ஆர்.ஐ. படிப்பவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்களா என்பதையும் கேளுங்கள்.

அறுவை மேசையில் திட்டம் மாறக்கூடும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். விளிம்பில் புற்று தெரிந்தால் ஆசனவாயையும் எடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். மயக்கம் தெளிந்த பிறகு அதை முதன்முதலாகக் கேள்விப்படுவது ரொம்பக் கொடுமையானது. வீட்டில் ஒருவராவது உங்கள் பதிலைத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

உங்கள் தசை ஏற்கெனவே எப்படி இருந்தது

இதை யாரும் சங்கடப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை, நோயாளியும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, பிறகு வருத்தப்படுவது இருவரும்தான். கட்டி வந்த பிறகு இருக்கும் அவசரமும் அடிக்கடி போவதும் கட்டியால் வருவது, அதை வைத்து எடைபோட வேண்டாம். அதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் கழிவறை வரை அடக்கிக்கொண்டு போக முடிந்ததா? இருமும்போது, தும்மும்போது துணியில் பட்டதுண்டா? வாயு பிரிவதை நான்கு பேர் நடுவில் நிறுத்த முடிந்ததா? பெண்களாக இருந்தால் பிரசவத்தில் ஆழமாகக் கிழிந்து தையல் போட்டார்களா, ஆயுதம் போட்டுப் பிரசவமா? மூலத்துக்கோ பவுத்திரத்துக்கோ அறுவை நடந்ததா? நாள்பட்ட சர்க்கரை நோய் உண்டா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்வதைவிடச் சுலபம். தேவைப்பட்டால் தசையின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி பரிசோதனையும் செய்வார்கள். ஏற்கெனவே தசை பலவீனமானவருக்கு, முதுமையில் வேகமாக எழுந்து நடக்க முடியாதவருக்கு, நேராக நிரந்தர கொலோஸ்டமி (பெருங்குடலில் வைக்கும் ஸ்டோமா) நல்ல தேர்வாக இருக்க முடியும். அதைத் தோல்வி என்று நினைப்பது தவறு. ஆசனவாயைக் காத்தவர்களுக்குத்தான் வாழ்க்கைத் தரம் உயர்வு என்று ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2012 காக்ரேன் மதிப்பாய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தயாரிப்பு வேலைகள் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: புகையை அடியோடு நிறுத்துவது (இணைப்பு கசிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்), ரத்தசோகையைச் சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புரதம் கூட்டிச் சாப்பிடுவது, தினமும் நடப்பது. கதிர்வீச்சும் கீமோவும் நடக்கும் மாதங்களைச் சும்மா காத்திருந்து கழிக்காமல் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் விந்து சேமிப்பு, கருமுட்டை சேமிப்பு, கருப்பையை ஒட்டிய சினைப்பையைக் கதிர்வீச்சுப் பாதையிலிருந்து நகர்த்திவைப்பது பற்றி கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும், பிறகு பேசிப் பயனில்லை. சிறுநீருக்கும் உடலுறவுக்கும் போகும் நரம்புகள் மலக்குடலை உரசிக்கொண்டுதான் ஓடுகின்றன. விறைப்பில் குறை, விந்து வெளிவராமல் போவது, பெண்களுக்கு வறட்சியும் வலியும், சிறுநீர் முழுசாகப் போகாமல் நிற்பது எல்லாம் வரக்கூடியவை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இடுப்புத்தளப் பயிற்சியையும் அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளே மேல்நோக்கி இழுத்து, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்த வேண்டும். தொடையோ பிட்டமோ வயிறோ இறுகினால் தப்பாகச் செய்கிறீர்கள். மூச்சு நிற்கக்கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரு தடவை பார்த்துத் திருத்திவிட்டால் பிறகு வீட்டிலேயே செய்யலாம்.

தற்காலிகப் பை

இவ்வளவு கீழே போடும் இணைப்பு ஆறுவதற்காக, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றில் வெளியே எடுத்து வைப்பார்கள், அதுதான் இலியோஸ்டமி. "பையே வேண்டாம்னுதானே இந்த அறுவைக்கு வந்தோம்" என்று இதற்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடாதீர்கள். 2007ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், பை வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கு அறிகுறியோடு கசிவு வந்தது, வைத்தவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். கசிந்த இணைப்பு ஆறினாலும் சுருங்கி, விறைத்து, பிற்பாடு சரியாக வேலை செய்யாது. அறுவைக்கு முதல் நாள் ஸ்டோமா நர்ஸ் உங்களை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து வயிற்றில் இடம் குறிக்க வேண்டும். மடிப்பிலோ உடையின் இடுப்புப் பட்டையிலோ வந்துவிட்டால் தினம் தினம் அவஸ்தை.

பை மாற்றுவதை முதல் தடவையே பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிடும் முன் மாற்றுவது சுலபம், அப்போது வெளியேற்றம் குறைவு. பழைய பிளேட்டை (பையைத் தாங்கித் தோலில் ஒட்டியிருக்கும் தட்டு) மேலிருந்து கீழாக, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரிக்க வேண்டும், இழுத்துப் பிடுங்கக்கூடாது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய், லோஷன், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம், பிளேட் ஒட்டாது. ஸ்டோமாவை அளந்து, பிளேட்டின் ஓட்டையை அதைவிட 2, 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். அதிகமாக வெட்டினால் சிறுகுடல் நீர் தோலில் பட்டு ஒரே நாளில் புண்ணாக்கிவிடும். முதல் சில வாரங்களில் வீக்கம் வற்றி ஸ்டோமா சின்னதாகும், ஆகவே பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருக்காமல் அவ்வப்போது அளக்க வேண்டும். ஒட்டிய பிறகு உள்ளங்கையை ஒரு நிமிஷம் அதன்மேல் வைத்திருந்தால் சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள், கனம் கூடினால் பிளேட்டை இழுத்துவிடும்.

இலியோஸ்டமியின் பெரிய ஆபத்து நீர் வற்றுவது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால், சிறுநீர் குறைந்து கருத்தால், நிற்கும்போது தலை சுற்றினால், மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இன்னும் அதிகமாகத்தான் வெளியே போகும், உப்பும் போய்விடும். ஓ.ஆர்.எஸ்.தான் சரி. வீடு திரும்பிய முதல் வாரங்களில் வெளியேற்றத்தை அளவுக் குடுவையில் ஊற்றிக் குறித்துவைக்கும் பழக்கம் பலரை சிறுநீரகப் பாதிப்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

பை இருக்கும்போதே ஆசனவாய் வழியாகக் கோழை மாதிரி சளி வந்தால் பயப்பட வேண்டாம், அது குடலே சுரப்பது. சீழோ துர்நாற்றமோ காய்ச்சலோ சேர்ந்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும். இந்த மாதங்களில்தான் இடுப்புத்தளப் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும், வேலையே இல்லாமல் கிடக்கும் தசை தளர்ந்துபோகும்.

பையை மூடுவது வழக்கமாக இரண்டு மூன்று மாதத்தில், கீமோ பாக்கி இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மூடும் முன் இணைப்பு ஆறிவிட்டதா என்று விரலாலும் கேமராவாலும், தேவைப்பட்டால் மருந்து செலுத்திப் படம் எடுத்தும் பார்ப்பார்கள். எல்லோருக்கும் மூட முடிவதில்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கசிவாலோ நோய் திரும்பியதாலோ உடல்நிலையாலோ அது நிரந்தரமாகிவிடுகிறது. இதையும் முன்பே சொல்லி வைப்பது நேர்மை.

பையை மூடிய பிறகு

பலரும் இதைத் திருவிழா மாதிரி எதிர்பார்த்திருப்பார்கள், அதனால்தான் முதல் வாரங்கள் அவர்களை இப்படி உடைத்துப்போடுகின்றன. காலையில் ஒரு தடவை போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி, கொஞ்சமாக, அப்புறம் மறுபடி, இப்படியே இரண்டு மணி நேரம் கழிவறைக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே போகும். வாயுவா மலமா என்று பிரித்துத் தெரியாது. இரவில் தெரியாமலே துணியில் படும். அவசரம் வந்தால் தள்ளிப்போட முடியாது. அடுத்த நாள் ஒன்றுமே வராமல் இருக்கும், வயிறு உப்பும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, மலக்குடலை எடுத்த பிறகு வரும் இந்தத் தொல்லைகளின் தொகுப்புக்கு லார்ஸ் (LARS) என்று பெயர், தசையைக் காத்த பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வரும். ஐந்து கேள்விகளில் இதை அளக்க டென்மார்க்கில் 2012ல் ஒரு மதிப்பெண் முறை உருவானது: 20 வரை பிரச்சினை இல்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30 முதல் 42 வரை கடுமையானது. ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், முன்னேறுகிறதா என்று உணர்ச்சியை வைத்துச் சொல்வதைவிட அது தெளிவாகக் காட்டும்.

முதல் வேலை தோலைக் காப்பது. தாளால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிசாகப் பூசுங்கள், புண் வந்த பிறகு பூசுவதல்ல, முதல் நாளிலிருந்தே. இரண்டாவது, ஒரு நோட்டில் சாப்பிட்டது, நேரம், போன தடவை, மலம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உங்களைத் தூண்டும் உணவு எது என்று பொதுப் பட்டியல் எதுவும் சொல்லாது, அந்த நோட்டுதான் சொல்லும். காரம், கொழுப்பு, காபி, மது, பால், செயற்கை இனிப்பு ஆகியவற்றைச் சந்தேகப்பட்டியலில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் பட்டினி கிடப்பவர்கள் எடை குறைந்து பலவீனமாவதுதான் மிச்சம்.

மூன்றாவது மலத்தைக் கட்டியாக்குவது. இசப்கோல் மாதிரி கரையும் நாரைக் கொஞ்சமாகத் தொடங்கி, குறைவான தண்ணீரில் கலந்து சாப்பிட்டால் மலம் திரண்டு வரும், துண்டு துண்டாக வருவது குறையும். லோபெரமைடு மாத்திரையைப் பிரச்சினை வந்த பிறகு போடுவதைவிடச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. அளவை மருத்துவர் சொல்லட்டும், அதிகமானால் அடைத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டாம். இடுப்புத்தளப் பிசியோதெரபி, தசை எப்படி இறுகுகிறது என்பதைக் கருவியில் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக் இருக்கின்றன. அடுத்த படி, ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை. கேட்கவே கூச்சமாக இருக்கும், ஆனால் கடுமையான லார்ஸ் உள்ளவர்களுக்கு உண்மையிலேயே வாழ்க்கையைத் திருப்பித் தருவது இதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். காலையில் அரை மணி நேரம் செலவழித்தால் அன்றைய நாளில் பெரும்பகுதியோ அடுத்த நாள் வரையோ நிம்மதி. இணைப்பு முழுசாக ஆறியிருக்கிறது என்று அறுவை நிபுணர் சொன்ன பிறகு, பயிற்சி பெற்ற நர்ஸிடம் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும், தானாக முயன்றால் குடல் கிழியும் அபாயம் உண்டு. அதற்கும் மேலே, முதுகின் அடியில் நரம்பைத் தூண்டும் கருவி பொருத்தும் சிகிச்சை இருக்கிறது.

வெளியே போகும்போது மாற்றுத்துணி, பேட், ஈரத்துணி, ஒரு பிளாஸ்டிக் பை, இவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். வேலைக்குத் திரும்புகிறவர்கள் தாமதமாகத் தொடங்கும் நேரமும் கழிவறைக்குப் பக்கத்து இருக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இன்னிக்கு எத்தனை தடவை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், காலை நேரத்தில் கழிவறையை அவருக்கு விட்டுக்கொடுங்கள், அது போதும்.

பெரும்பாலான முன்னேற்றம் முதல் வருஷத்தில் தெரியும், இரண்டாம் வருஷம் வரைகூட மெல்ல மெல்லக் கூடும். அதற்குள் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு வருஷம் கழித்தும், எல்லாச் சிகிச்சையும் பார்த்தும், வெளியே போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறீர்கள் என்றால், நிரந்தர கொலோஸ்டமிக்கு மாறுவது எப்போதும் திறந்திருக்கும் வழி. பெருங்குடலில் வைக்கும் அந்தப் பையில் மலம் கட்டியாக வரும், நீர் வற்றும் பயம் இல்லை, இலியோஸ்டமியோடு பட்ட கஷ்டத்தை வைத்து அதை எடைபோடக் கூடாது.

இதற்கு நடுவே புற்றுநோய்ப் பரிசோதனைகளை மறந்துவிடாதீர்கள், குடல் பிரச்சினையிலேயே மூழ்கி சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ., மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சி.டி., ஒரு வருஷத்தில் கொலோனோஸ்கோபி, ஒவ்வொரு தடவையும் இணைப்பை விரலால் தொட்டுப் பார்ப்பது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டிருந்த மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மோசமானாலோ, ரத்தம் வந்தாலோ, அடி இடுப்பில் புதுசாக வலி தொடங்கினாலோ, "இது லார்ஸ்தான்" என்று நீங்களே தீர்மானிக்காமல் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.